ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை: லண்டன் தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் உணவுக் கோளாறு, ஒரு நிகழ்வு ஆய்வு

இதை எழுதத் தாயும் மகளும் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததை மகள் வாசித்து இரண்டு இடங்களில் திருத்தினாள், அவையும் உள்ளே இருக்கின்றன. நான் வைத்தியர் இல்லை. லண்டனில் ஜிபிகளிலும் (குடும்ப வைத்தியர் நிலையங்களிலும்) வைத்தியசாலைகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். இந்தக் கதையில் நான் விட்ட பிழை ஒன்றும் இருக்கிறது. இதை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

பின்னணி

யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பன் இரவு வேலை. தாய் 2005இல் கலியாணம் கட்டி லண்டன் வந்தவர். கடையில், பஸ்ஸில் கதைக்கிற அளவுக்கு இங்கிலிஷ் தெரியும், டொக்டரிடம் கதைக்கிற அளவுக்குத் தெரியாது. மகளுக்கு அப்போது 15 வயது, பத்தாம் ஆண்டு. அவளுக்குக் கீழே ஒரு தம்பி. படிப்பில் கெட்டிக்காரி, சத்தம் போடாத பிள்ளை, கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளை. யார் வீட்டுக்குப் போனாலும் "இவளைப் பார்த்துப் படியுங்கோ" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டப்படுகிறவள்.

தாயின் கதையில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும், பின்னால் தேவைப்படும். 1995 ஒக்டோபர் கடைசியில், யுத்தத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவருக்கு 14 வயது. மழைக்குள், சனத்துக்குள் நசுங்கி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர். அந்த வழியில் ஒரு பிஸ்கட் பக்கற்றை ஐந்து பேர் பங்கிட்டதையும், தன் அம்மா தனக்குப் பசிக்கவில்லை என்று சொன்னதையும் இன்றைக்கும் அழாமல் சொல்லமாட்டார்.

விரதத்தில் தொடங்கியது

தாய் ஒவ்வொரு வருடமும் கேதாரகௌரி விரதம் பிடிக்கிறவர். 21 நாளும் பகலில் ஒன்றும் சாப்பிடாமல் இரவு ஒரு நேரம் மட்டும், கடைசி நாள் முழுப் பட்டினி, பிறகு கோயிலில் காப்புக் கட்டுவது. அந்த வருடம் மகளும் தானும் பிடிக்கப்போவதாகச் சொன்னாள். எந்தத் தாய்க்குச் சந்தோஷம் வராது?

21 நாள் முடிந்து எல்லாரும் பாறணை செய்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள், அவள் மட்டும் திரும்பவில்லை. வெள்ளி விரதம் என்றாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. மீன், இறைச்சியை விட்டாள், பிறகு எண்ணெயை, பிறகு தேங்காய்ப்பாலை. தேங்காய்ப்பால் இல்லாமல் எங்கள் வீடுகளில் என்ன சமையல் இருக்கிறது? ஒரு சாமத்திய வீட்டில் சொந்தக்காரர் இரண்டு பேர் அவளை நிற்பாட்டி, "இந்தக் காலத்திலையும் இப்படிப் பக்தியா ஒரு பிள்ளை", "மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டாய்" என்று சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதாகத் தாய்க்கு நினைவு.

வீட்டில் தாய் கண்டவை வேறு. இடியப்பத்தை ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் கோப்பையின் விளிம்பைச் சுற்றி அடுக்குவாள். ஒரு இடியப்பம் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம் போகும். அதே பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று எல்லாருக்கும் சமைப்பாள், தம்பிக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள், அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டானா என்று வந்து கேட்பாள். போனில் இரவு இரவாகச் சமையல் வீடியோ பார்ப்பாள். பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தான் வேலை செய்யும் என்பது எனக்கே பிறகுதான் தெரியவந்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை, அவர்களின் சம்மதத்தோடு, மாதக்கணக்கில் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன்பு சமையல் பக்கமே போகாத ஆட்கள் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள், கோப்பைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்து அளைந்தார்கள்.

முதல் சந்திப்பு: மார்ச்

தாய் பயந்துபோய் ஜிபியிடம் கூட்டிக்கொண்டு போனார். மொழிபெயர்ப்பாளரை யாரும் ஒழுங்கு செய்யவில்லை. மகளே தாய்க்கு மொழிபெயர்த்தாள்.

தாய் சொன்னது, "இவள் சாப்பிடுறாளே இல்லை, எனக்குப் பயமா இருக்கு." மகள் டொக்டருக்குச் சொன்னது, தனக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பி ஊதுகிறது, அம்மா அதை நினைத்துக் கவலைப்படுகிறார். (இதை அவள் தானாகவே எனக்குச் சொன்னாள், அவளுடைய முதல் திருத்தம் இது.) 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மொழிபெயர்க்க விடவேண்டாம் என்றுதான் இங்கிலாந்து வழிகாட்டல்கள் சொல்கின்றன. இங்கே நோயாளியே மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறாள்.

உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 42 கிலோ. ஆசியப் பிள்ளைகள் சின்ன உடம்புதானே, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். அமிலத்துக்கு ஒமெப்பிரசோல் எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு முன் ஆஸ்துமாவுக்குப் போனபோது அதே கணினியில் பதிந்த நிறை 49 கிலோ. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

வயிறு ஊதுகிறது என்று அவள் சொன்னது பொய்யில்லை என்பதையும் சொல்லவேண்டும். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், நாலு வாய்க்கே நிரம்பிவிடும். நோயின் விளைவை எல்லாரும் காரணம் என்று எடுத்துக்கொண்டோம், அவளும்தான்.

இரண்டாவது சந்திப்பு: மே, நான் போனது

மருந்து கேட்கவில்லை என்று திரும்பப் போனபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வேறொரு டொக்டர், கவனமானவர். உணவுக் கோளாறு இருக்குமோ என்று யோசித்திருக்கிறார், அதற்கென்று இருக்கிற ஐந்து கேள்விகளையும் கேட்டார். வலிந்து வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் மெலிவு என்று சொல்லும்போதும் நீங்கள் உங்களைக் குண்டு என்று நினைக்கிறீர்களா? சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை நடத்துகிறதா? இரண்டுக்கு ஆம் என்றாலே சந்தேகிக்கவேண்டும்.

ஐந்துக்கும் இல்லை. வாந்தி இல்லை. கட்டுப்பாடு போகவில்லை, மாறாக இரும்புப் பிடி. நிறை குறைந்தது உண்மை, ஆனால் ஏழு மாதத்தில் மெல்ல மெல்ல, மூன்று மாதக் கணக்குக்குள் அது வராது. குண்டு என்று நினைக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு அவள் யோசித்து, சாமிதான் என்றாள்.

டொக்டர் தாயிடம் திரும்பினார். பிள்ளைக்கு நிறை கூடிவிடுமோ என்ற பயம் இருக்கிறதா? நான் கேட்டேன், "உடம்பு வைச்சிடும் எண்டு பயப்படுறாவோ?" தாய் சொன்னார், "இல்லை தங்கச்சி, அவள் அதுக்கெல்லாம் பயப்பிட மாட்டாள். பக்தி கூடிப்போச்சு. தையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வாறாள்."

நான் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்கு வருகிறாள். டொக்டர் தலையாட்டி, பக்தி என்று எழுதி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வசனத்தை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், ஆனால் அந்தத் தாய் சொன்னது டொக்டரிடம் போய்ச் சேரவில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் கேட்டவுடனே விளங்கியிருக்கவேண்டும். மாதவிடாய் நாட்களில் எங்கள் பெண்கள் கோயிலுக்குப் போவதில்லை. ஐந்து மாதமாக ஒரு வெள்ளி விடாமல் 15 வயதுப் பிள்ளை கோயிலுக்கு வருகிறாள் என்றால் அவளுக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. தாய்க்கு அது தெரிந்திருந்தது. முன்னால் இருந்தது ஆண் டொக்டர், பக்கத்தில் மகள், கூச்சத்தில் கோயிலின் பேரில் சொல்லிவிட்டார். வழக்கத்தில் ஒளிந்திருக்கிற பொருள் மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் இடைமறித்துச் சொல்லலாம், எங்கள் பயிற்சியிலேயே அது இருக்கிறது. எனக்குள் ஏதோ தட்டியது. ஆனால் அடுத்த வேலைக்கு 20 நிமிடம்தான் இருந்தது, பேசாமல் எழும்பி வந்துவிட்டேன்.

இடையில் இரண்டு கிழமை

நித்திரை சரியாக வரவில்லை. குடும்பத்தோடு நேரே தொடர்புகொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை, அது சரியான விதி. எங்கள் நிறுவனத்தில் மேலே இருக்கிறவரிடம் ஆட்களின் பெயர் சொல்லாமல் விடயத்தைச் சொன்னேன். இரத்த முடிவு சொல்லும் சந்திப்புக்கும் என்னையே அனுப்புவது, அங்கே டொக்டரிடம் அனுமதி கேட்டு, தாயின் முன்னாலேயே அதைச் சொல்வது என்று முடிவெடுத்தோம். தாய்க்குத் தெரியாமல் டொக்டரிடம் தனியாகச் சொன்னால் அந்த அறையில் அவர் என்மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். இன்றைக்கு யோசிக்கும்போது, சந்திப்பை முன்னுக்குத் தள்ளச் சொல்லி அன்றைக்கே ஜிபிக்கு அறிவித்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த 16 நாளில் எதுவும் நடந்திருக்கலாம்.

மூன்றாவது சந்திப்பு

இரத்தம் ஏறக்குறைய எல்லாம் சரி. தைரொயிட் சரி, கோதுமை ஒவ்வாமை இல்லை. உணவுக் கோளாறில் இரத்த முடிவுகள் கடைசிவரைக்கும் நல்லாயிருக்கலாம், இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

நான் தாயிடம் முதலில் கேட்டேன், "அக்கா, போன முறை வெள்ளிக்கிழமைக் கதை சொன்னீங்கள், அதை நான் டொக்டருக்கு விளங்கப்படுத்தட்டோ?" கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார், பிறகு ஓம் என்றார். குளியலறை அலுமாரியில் தை மாதம் வாங்கி வைத்த நாப்கின் பக்கற் உடைக்காமல் இருக்கிறது என்று தானாகவே சேர்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். நிறை 38.2 கிலோ. அவளுடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டிய சராசரியில் 78 சதவீதம் அளவு. படுக்கவைத்துப் பார்த்த நாடித்துடிப்பு 44, எழும்பி நின்றதும் 90ஐத் தாண்டியது. குந்தியிருந்து கைபிடிக்காமல் எழும்பச் சொன்னார்கள், முடியவில்லை. 2022இல் அரச மனநல வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அவசர வழிகாட்டலில் இந்தச் சோதனைகள் எல்லாம் இருக்கின்றன, பத்து நிமிடத்துக்குமேல் எடுக்காது. அன்று பின்னேரமே சிறுவர் வார்ட்டில் சேர்த்தார்கள்.

வார்ட்டில் 12 நாள்

தாய் முதல் நாளே பெரிய அடுக்குச் சட்டியில் சோறு, பருப்பு, மீன்குழம்பு கொண்டுவந்தார். அதைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற், பொட்டாசியம், மக்னீசியம் விழும், இதயம் நின்றுபோகக்கூட வாய்ப்பிருக்கிறது. அதனால் அளந்து கொடுத்து, தயமின் (விற்றமின் B1) கொடுத்து, தினமும் இரத்தம் பார்த்துத்தான் கூட்டுவார்கள். மூன்றாம் நாள் பொஸ்பேற் இறங்கியது, மாத்திரையில் சரிக்கட்டினார்கள்.

தாய் அந்த அடுக்குச் சட்டியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "நாங்கள் சாப்பாடு இல்லாமல் செத்தோம் தங்கச்சி. இவளுக்கு எல்லாம் இருக்கு" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. மகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏன் எல்லாரும் தவறவிட்டோம்

அனொரெக்சியா, அதாவது தன்னைத்தானே பட்டினி போடும் இந்த உணவுக் கோளாறு, என்றதும் டொக்டர்மாரின் மனதில் வருவது வெள்ளைக்காரப் பிள்ளை, கண்ணாடி, குண்டாகிவிடுவேன் என்ற பயம். 2006இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. ஒரே பெண்ணின் நாட்குறிப்பு போன்ற ஒரு பகுதியை சிகிச்சையாளர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, அவளுடைய இனத்தை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையினப் பெண் என்று வாசித்தவர்களில் 44 சதவீதம் பேர் அவளுடைய சாப்பாட்டில் பிரச்சினை இருக்கிறது என்றார்கள். இலத்தீன் அமெரிக்கப் பெண் என்றபோது 41. கறுப்பினப் பெண் என்றபோது 17. எழுத்து ஒன்றுதான்.

பயம் இல்லை என்ற பதிலும் புதிதில்லை. ஹொங்கொங்கில் மனநல வைத்தியர் சிங் லீ 1993இல் 70 சீன அனொரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். பாதிக்கு மேற்பட்டோருக்குக் குண்டாகிவிடும் பயம் இல்லை. வயிறு ஊதுகிறது, பசி இல்லை என்றுதான் சொன்னார்கள், எங்கள் பிள்ளை சொன்ன அதே சொல். 2013இல் அமெரிக்க மனநலக் கையேட்டைத் திருத்தியபோது, பயம் இருக்கவேண்டும், அல்லது நிறை கூடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருக்கவேண்டும் என்று மாற்றினார்கள். மாதவிடாய் நின்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மாதவிடாய் ஒழுங்காக வந்தாலும் நோய் இருக்கலாம், ஆனால் நின்றுவிட்டால் அது எச்சரிக்கைதான்.

"இங்க வந்து ரீவியும் போனும் பார்த்துத்தான் எங்கட பிள்ளையளுக்கு இது வருது" என்று கோயில் வாசலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பீஜித் தீவில் 1995இல் தொலைக்காட்சி வந்து மூன்று வருடத்துக்குள் நிறை குறைக்க வாந்தி எடுக்கும் பிள்ளைகள் பூச்சியத்திலிருந்து 11.3 சதவீதமானார்கள் என்பது உண்மை, அது ஒரு வழி. ஆனால் இதே இங்கிலாந்தில், பிராட்போர்டில், 1988இலேயே ஆசிய மாணவிகளிடம் புலிமியா (அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்றவற்றால் ஈடுகட்டும் கோளாறு) 3.4 சதவீதம், வெள்ளையின மாணவிகளிடம் 0.6 சதவீதம் என்று கண்டார்கள். அந்த ஆசியப் பிள்ளைகளுக்குள்ளும் மரபான குடும்பத்துப் பிள்ளைகளிடம்தான் சாப்பாட்டுப் பிரச்சினை கூட. எங்கள் பிள்ளையும் மரபுக்குள்ளேயே நின்றுதான் நோயாளியானாள். விரதம் நோயைத் தரவில்லை, ஆனால் நோய் வந்து குடியிருக்க எல்லாரும் கைகூப்புகிற ஒரு இடத்தைக் கொடுத்தது.

வீட்டுச் சிகிச்சை

லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சைதான் கொடுத்தார்கள். முதலில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோரிடம், நிறை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். ஒரு வருடத்தில் 18 அமர்வு, நான் 15க்குப் போனேன்.

முதல் சிக்கல் சாப்பாட்டுத் தாள். சீரியல், ரோஸ்ற், பாஸ்ரா என்றே இருந்தது. தாய் அதைப் பார்த்து, "இதுகளைக் குடுக்க எனக்குத் தெரியாது" என்றார். உணவியல் நிபுணருக்கு இடியப்பம் எத்தனை கலோரி என்று தெரியாது. கடைசியில் தாய் ஒருநாள் வீட்டில் இடியப்பத்தையும் சொதியையும் நிறுத்து எழுதிக்கொண்டுவந்தார். நாலு இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட சொதி ஒரு கோப்பை, ஒரு முட்டை. பின்னேரம் சத்துமா, நெய் விட்டு. அந்த நாளிலிருந்து தாய் நிமிர்ந்து இருந்தார்.

இரண்டாவது சிக்கல், தாயால் கட்டாயப்படுத்த முடியவில்லை. மகள் அழத் தொடங்கினால் கோப்பையை எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் 1995ஐச் சொல்லிக் கத்துவார். ஆறாவது அமர்வில் சிகிச்சையாளர் கேட்டார், உங்கள் அம்மா அன்றைக்குப் பசிக்கவில்லை என்று சொன்னபோது நீங்கள் நம்பினீர்களா? தாய் கனநேரம் பேசவில்லை. "இல்லை. தெரியும், பொய் எண்டு" என்றார். மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பசிக்கவில்லை என்று மகள் சொல்லும்போது தாய் கோப்பையை எடுக்கவில்லை, பக்கத்தில் இருந்து தானும் சாப்பிட்டார்.

மூன்றாவது விரதம். ஐப்பசி வந்தபோது திரும்பப் பிடிக்கவேண்டும் என்று மகள் நின்றாள். சிகிச்சையாளர் தடுத்தால் மதத்தைத் தடுத்ததாகப் போகும் என்று தயங்கினார். கோயில் ஐயரிடம் கேட்கலாம் என்று தகப்பன்தான் சொன்னார், அந்த வருடம் அவர் எடுத்த நல்ல முடிவு அது. வருத்தக்காரர் விரதம் இருக்கத் தேவையில்லை, காப்பைக் கட்டிவிடுகிறேன், பிரசாதத்தைச் சாப்பிடட்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். அந்த வருடம் வீட்டில் ஒருவரும் விரதம் பிடிக்கவில்லை, தாயும்.

என்ன ஆனது

பத்தாவது மாதம் நிறை 48 கிலோ. மாதவிடாய் அதற்குக் கொஞ்சம் முன்பு திரும்பியது. அந்த வெள்ளி அவள் கோயிலுக்குப் போகவில்லை, தாய் அதை எனக்குச் சொல்லி அழுதார். பரீட்சைக் காலத்தில் மூன்று கிலோ திரும்ப விழுந்தது, கூடுதலாக நாலு அமர்வு வைத்து ஏற்றினார்கள். கலியாண வீடுகளில் சாப்பிடுவது இன்னும் கஷ்டம், வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாள்.

பயம் இல்லை என்று அவள் சொன்னதை முதலில் நான் மறைப்பு என்று எழுதியிருந்தேன். அவளுடைய இரண்டாவது திருத்தம் அங்கேதான். "மறைக்கேல்லை அன்ரி. உண்மையா எனக்குக் குண்டாகிற பயம் இருக்கேல்லை. பசிச்சா நான் கெட்ட பிள்ளை எண்ட மாதிரி இருக்கும். அதை ஒருத்தரும் கேக்கேல்லை."

மாற்றியவை, மாற்றவேண்டியவை

அந்த ஜிபியில் இப்போது 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மொழிபெயர்க்க விடுவதில்லை, தாய் முறைப்பாடு எழுதினார், நான் எழுத உதவினேன். உடம்பு சின்னது என்று தோன்றினால் முன்பு எவ்வளவு இருந்தது என்று கணினியில் பார்ப்பது ஒரு நிமிட வேலை, அதையும் அதில் கேட்டிருந்தோம், அதற்குப் பதில் வரவில்லை.

என் வேலையில், உடம்பு வைக்கும் பயம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டால் மொழிபெயர்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் இதை வயிறு, விரதம், பசியின்மை என்று சொல்லக்கூடும், வேறு விதமாகவும் கேட்டுப்பாருங்கள் என்று இடைமறித்துச் சொல்கிறேன். கொழுப்பு என்ற சொல்லை இந்த அறைகளில் நான் பாவிப்பதே இல்லை, எங்கள் பிள்ளைகளுக்கு அது திமிர் என்றுதான் கேட்கும். அடுத்த வேலைக்கு இடையில் ஒரு மணித்தியாலம் விட்டுத்தான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். அறையை விட்டு எழும்ப முன், நான் சொன்னதில் ஏதாவது விடுபட்டதா என்று தாயிடம் ஒருமுறை கேட்கிறேன்.